மலைக்குள் ஈயமும் துத்தநாகமும் இருப்பது எப்படித் தெரியும்?

தேனி மாவட்டம் சிலமலையில் நின்றால் கண்ணில் படும் மலைகளில் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினமான பாறைதான். உறுதியான பாறை வேணும் என்றுதான் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் பார்த்தார்கள். ஈயம், துத்தநாகம் தேடுறவங்களுக்கு நேர் எதிர். அவர்களுக்கு வேண்டியது விரிசல் விட்ட பாறை. அதிலும் சுண்ணாம்புக்கல், டோலமைட் வகை என்றால் ரொம்ப நல்லது.

ஏன்? உலோகம் கரைந்த சூடான உப்புநீர் பூமிக்கடியில் நகரும்போது, அந்தப் பாறைகளின் விரிசல்களில் புகுந்து, கந்தகத்தோடு சேர்ந்து தாதுவாகப் படிகிறது. ஈயத் தாது கலீனா. பளபளப்பாக இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். துத்தநாகத் தாது ஸ்பேலரைட்.

இந்தியாவில் இதற்குச் சரியான உதாரணம், ராஜஸ்தானில் உதய்பூருக்குத் தெற்கே ஆரவல்லி மலைகளில் உள்ள ஜாவர். அங்கே டோலமைட் பாறையில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். துத்தநாகத்தைப் பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உலையில் அதைவிடச் சூடு தேவை. ஜாவர்க்காரர்கள் கத்திரிக்காய் வடிவ மண்குடுவைகளில் தாதுவைச் சுட்டு, ஆவியைக் கீழே இறக்கிக் குளிர வைத்தார்கள். ஒரு உலையில் 36 குடுவைகள். உபயோகித்த குடுவைகளை வைத்தே வீட்டுச் சுவர் கட்டியிருக்கிறார்கள்! செம்போடு துத்தநாகம் சேர்ந்தால்தான் நம்ம வீட்டுப் பித்தளை.

இப்படிப் பழைய குழிகளும் கசடுக் குவியலும் இருந்தால் தேடுறவங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லாத மலையில், ஓடை வண்டலையும் மண்ணையும் ஆய்வகத்தில் சோதிப்பார்கள். துருப்பிடித்த நிறத்தில் பாறை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தரைக்குள் மின்சாரம் செலுத்தி அளப்பார்கள். கடைசியில் வைரமுனைத் துளைக்கருவி. உருளை உருளையாக வெளியே வரும் பாறையில் எத்தனை சதவீதம் உலோகம் என்பதுதான் தீர்ப்பு.

செய்திகளில் வரும் ஜி4 என்பது முதல்கட்டத் தேடல். ஜி1 தான் விரிவான ஆய்வு. ஆக, துளை போட்டாலே சுரங்கம் வந்துடும் என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டிலும் பழைய தென் ஆற்காடு மாவட்டத்து மாமண்டூரில் ஈயம், துத்தநாகம், செம்பு இருப்பது தெரியவந்தது. அது டோலமைட் இல்லை, வேறு வகைப் பாறை. ஜாவர் போலப் பெரிய சுரங்கம் அங்கே உருவாகவில்லை.

சுரங்கம் வரும் நிலை வந்தால் மலையடிவார மக்கள் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் நிலத்தடி நீரும் ஓடும். சுரங்கத்துக்காக அதை இறைத்தால் பக்கத்துக் கிணறுகள் வற்றலாம். கழிவு கசிந்தால் ஈயம் குடிநீரில் கலக்கலாம்.