புல்லட்டின் பின் ஷாக்

ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பரே கிடையாது. சேசிஸோடு இறுக்கிப் பூட்டியிருப்பார்கள். சீட்டுக்கு அடியில் மட்டும் இரண்டு ஸ்பிரிங். இரண்டாம் உலகப் போரில் ஓடிய பிரிட்டிஷ் ராணுவ வண்டிகள் பெரும்பாலும் அந்த ரகம்தான். ஓட்டுகிறவன் இடுப்பு எப்படியோ தப்பித்தது. பின்னால் கேரியரில் உட்கார்ந்தவன் பாடு திண்டாட்டம்.

இதை மாற்றியவர்களில் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனிக்கு முக்கிய இடம் உண்டு. 1948-ல் பின்சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் மாட்டி, இரு பக்கமும் எண்ணெய் ஷாக் வைத்த புல்லட்டைப் போட்டிகளுக்கு அனுப்பினார்கள். சேறு, பாறை, ஓடை என்று ஓட்டும் போட்டிகள். சக்கரம் ஆடினால் மண்ணில் பிடிப்பு போய்விடும் என்பது அந்த வட்டாரத்துப் பழைய கைகளின் எண்ணம். அதே ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் போட்டியில் இரண்டு புல்லட்காரர்கள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். ஆடுகிற சக்கரம்தான் தரையை விடாமல் பிடிக்கிறது என்று தெரிந்தது. 1949-ல் வண்டி விற்பனைக்கு வந்தது. நம் ராணுவத்துக்கும் அது பிடித்துப்போக, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலை. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் சொல்லக் காரணம், "பழைய வண்டி, கொஞ்சம் குதிக்கத்தான் செய்யும்" என்று நம்மவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஷாக் என்பது முதுகுக்கான சொகுசு என்று நினைக்கிறோம். அடியை வாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இராமல் அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். சின்னத் துவாரங்கள் வழியாக அது நெருக்கிக்கொண்டு போகும்போது துள்ளல் சூடாக மாறித் தணிகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால், பார்வைக்கு ஸ்பிரிங் ஜம்மென்று நிற்கும், வேலை நடக்காது.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இதை நேரில் பார்த்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் மனைவி. ஒரு வளைவில் பின் பிரேக்கை மிதித்தால் சக்கரம் தத்தித் தத்திப் போகிறது. டயர் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக் எதைப் பிடிக்கும்? மீதி வளைவுகளை முதல் கியரிலேயே இறங்கினோம். அவள் வாய் திறக்கவில்லை. என் சட்டையை விடவும் இல்லை.

முன்பெல்லாம் லேத் பட்டறையில் ஷாக்கை அறுத்து, சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, வெல்டு வைத்துக் கொடுப்பார்கள். நானும் இரண்டு முறை அப்படிச் செய்து வருஷக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். இந்த முறை மெக்கானிக் தம்பி ராடைத் துடைத்துக் காட்டினார். குரோம் பூச்சில் துருப் புள்ளிகள். "சார், புது சீல் போட்டாலும் இது அரத்தாட்டம் ராவிடும்" என்றார். நியாயம்தான். ஜோடியாகப் புதுசு வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டும் ஒரே மாதிரி அடக்காது. வளைவில் வண்டி நெளியும்.

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை இரு கையாலும் நன்றாக அழுத்தி விடுங்கள். ஒரே முறை மேலே வந்து நின்றால் சரி. தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால், ராடைத் துடைத்துப் பாருங்கள்.