வீட்டைக் காட்டி ஆள் சேர்த்த காலம்

மலாயாத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டால், சஞ்சி (ஒப்பந்தக் கூலி), கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்துவருபவர்) என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோம். முன்பணம், கப்பல் செலவு, கமிஷன் என்று பணக்கணக்கைப் பலர் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கணக்கை எழுதியவர்கள் குறைவு. பேராக்கில் சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணியின் பேரனாகப் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக ஓய்வுபெற்றவன் நான். ஆளைக் கொண்டுவந்ததில் கூலிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கும் உண்டு என்பேன். வந்தவர்களைப் போகவிடாமல் பிடித்துவைத்ததில் லயத்தின் பங்குதான் பெரிது.

சஞ்சி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907இல், தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்துவிட்டது. தோட்ட முதலாளிகள் எல்லாரும் அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும்; ஆட்களை அழைத்துவரும் செலவை நிதி ஏற்கும். இதனால் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறியவன் சட்டப்படி கடனில்லாமல் பினாங்கில் இறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் தோட்டத்தை விட்டுப் போகவும் அவனுக்கு உரிமை இருந்தது. கித்தா (ரப்பர்) விலை ஏறியிருந்த காலம். பக்கத்துத் தோட்டம் ஐந்து காசு கூட்டிக் கொடுத்தால் ஆள் போய்விடுவான். ஒப்பந்தத் தாளைக் காட்டி இனிக் கட்டிவைக்க முடியாது என்றானபோது துரைமார்களுக்கு இரண்டு கயிறுகள் கிடைத்தன: ஒன்று உறவு, மற்றொன்று வீடு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக் கொடுத்தவர் கங்காணி.

என் தாத்தா திருச்சி ஜில்லா முசிறிப் பக்கத்துக்காரர். தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரைத் துரை லைசென்ஸ் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அவர் ஊர் மந்தையில் உட்கார்ந்து என்ன பேசினார் என்பதை என் பாட்டி வாயால் கேட்டிருக்கிறேன். “சம்பளத்தப் பத்தி உங்க தாத்தா ரொம்பப் பேசல சாமி. வாடக இல்லாத வீடு, ஒழுகாத கூர, உன் மச்சான் இந்தப் பக்கத்து ரூம்பு, உன் பங்காளி அந்தப் பக்கத்து ரூம்புன்னு சொன்னாரு. அதக் கேட்டுத்தான் நாங்க கெளம்புனோம்.” குத்தகை நிலத்து ஓரத்தில், பண்ணையார் எப்போது எழுந்து போகச் சொல்வாரோ என்ற பயத்தோடு குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும்!

ஆனால் வந்து பார்த்த வீட்டின் நிலை வேறு. பழைய லயங்கள் மரக்கால்கள்மேல் உயர்த்திக் கட்டிய நீண்ட பலகைக் கொட்டகைகள். முதுகோடு முதுகாக இரண்டு வரிசை அறைகள். பின்பக்கம் சன்னல் வைக்க வழியில்லை. ஏறக்குறையப் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றில் ஒரு குடும்பம், சில சமயம் குடும்பத்தோடு இன்னும் இரண்டு தனியாள். சமையல் தரைக்குக் கீழே, கால்களுக்கு நடுவில். கீழே புகை எழும்பினால் மேலே படுத்திருக்கும் பிள்ளை இருமும். அறைக்கு அறை இருந்த பலகைத் தடுப்பு கூரைவரை போகாது. ஒரு வீட்டுச் சண்டையும் அழுகையும் வரிசை முழுவதற்கும் கேட்கும். முதுகோடு முதுகு லயங்கள் கூடாதென்று அரசாங்கம் பிற்பாடு சொன்னது. போருக்குப் பிறகுதான் குசினியோடு கூடிய இரட்டை வீடுகள் பரவலாக வந்தன.

கங்காணிக்குத் தொங்கல் வீடு. வரிசையின் கோடியில் இருந்ததால் காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. கொஞ்சம் தோட்டம் போட இடமும் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் யார் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகிறார்கள், யார் படுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் தெரியும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள் கணக்கில் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே அவர் கொண்டுவந்த ஆள் லயத்தில் இருப்பதும், காலையில் எழுந்து பெரட்டுக்களத்தில் நிற்பதும் அவருடைய வருமானம். எந்த அறை யாருக்கு என்று சொல்வதில் அவர் வார்த்தைக்கு எடை இருந்தது. ஒரே ஊர் ஆட்கள் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும் கங்காணிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மாமன் எழுதிய கடிதம் மருமகனை இழுத்துவந்தது.

இதன் கொடிய பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஊரில் இருந்த சாதி, கப்பலேறி வந்து லயத்தில் இறங்கியது. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தனி வரிசை கொடுத்த தோட்டங்கள் பல. தண்ணீர்க் குழாயடியிலும் அந்தக் கோடு தெரிந்தது. உறவைக் காட்டி ஆள் சேர்க்கும் முறையில் இது தற்செயலாக நேரவில்லை என்பது என் முடிவு. உன்னோடு ஒத்தவர்கள் மட்டுமே உன் பக்கத்தில் இருப்பார்கள் என்பதே அந்த அழைப்பின் உள்ளடக்கமாக இருந்தது.

இதே பேராக்கில் சீனர்கள் ஈயம் தோண்டிய கதையை ஒட்டிப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். லாருட்டில் கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சகோதரச் சங்கங்கள் 1860கள் முதல் 1874 பாங்கோர் ஒப்பந்தம்வரை மோதிக்கொண்டன. சத்தியம் செய்து ஆள் சேர்த்த சங்கங்கள் அவை. சீனத்திலிருந்து புதிதாக வந்திறங்கியவனுக்கு அந்நிய மண்ணில் படுக்கவும் உண்ணவும் கிடைத்த இடம் கொங்சிக் கொட்டகை. கொட்டகைக்குள் வந்தவன் சங்கத்துக்குள் வந்தவன். நம் லயத்தில் சத்தியச் சடங்கு கிடையாது. தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறுவதுதான் சடங்கு.

வேலைக்கு வீடு என்ற ஏற்பாட்டில், வேலை போனால் வீடும் போகும். 1930களின் தொடக்கத்தில் உலக மந்தம் வந்து கித்தா விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வருமானம் நின்ற நாளிலேயே கூரையும் போனவர்களுக்கு இந்த மண்ணில் நின்று சமாளிக்க ஒரு திண்ணைகூட இல்லை. 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தோட்டங்களைப் பார்த்த சீனிவாச சாஸ்திரி, கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்தலாம் என்று எழுதினார். 1938 ஜூனில், கூலிக் குறைப்புத் தகராற்றின் முடிவில், உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்துக்கே இந்திய அரசு தடை போட்டது. தாத்தாவின் லைசென்ஸ் அத்தோடு செல்லாததாயிற்று.

1942 ஜனவரி 7ஆம் தேதி ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை சாலையைப் பிளந்துகொண்டு வந்தன. போர் வரலாற்றில் குளூனித் தோட்டத்தின் பெயர் ஏறியது அன்றுதான். துரைமார் ஓடிப்போனார்கள், லயமும் செக்ரோலும் அப்படியே இருந்தன. ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு ஆள் வேண்டுமென்று வந்தவர்களுக்குத் தேடும் வேலையே இருக்கவில்லை. வரிசை வரிசையாக, எண் போட்ட அறைகளில் ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று கேட்டுப் பிடித்தார்கள். எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் திரும்பாதவர்களின் பெயர்களை என் அப்பா சாகும்வரை மறக்கவில்லை.

போருக்குப் பின் தொழிற்சங்கம் வந்தது. சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதிலும் வீடுதான் குறுக்கே நின்றது. தோட்ட நிலம் கம்பெனி நிலம். துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் லயத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். 1954இல் மாநிலச் சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கமாயின, பி.பி. நாராயணன் அதை வழிநடத்தினார். அக்காலத்தில் சந்தா வசூலித்தவர் லயத்துக்காரராகவே இருந்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே குடியிருப்பவர் வீடு வீடாகப் போவதைத் தடுக்க எந்த வேலியாலும் முடியாது. ஆளைக் கட்டிப்போட எழுப்பிய அதே பலகைச் சுவர் வழியாகச் சங்கப் பேச்சும் பரவியது. துரை போட்ட கணக்கில் இது இல்லை. எங்கள் மக்களின் புத்திசாலித்தனத்துக்கு நான் காட்டும் முதல் சான்று இதுதான்.

ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கினார்கள். சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கினார். 1966இல் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்துச் சட்டம் வந்தது. சுவருக்கும் தண்ணீருக்கும் தரம் வந்ததே தவிர, வீடு வேலையோடு கட்டிய வீடாகவே இருந்தது. அந்நாளில் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு என்றால், முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமும் சேர்ந்துவரும். என் அப்பாவுக்கு வந்த கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளிலும் அப்படிக் கடிதங்கள் வந்தன. பலர் தஞ்சோங் மாலிமுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறினார்கள்.

இன்று கித்தா நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. எங்களைப் போன்றவர்கள் இருந்த வரிசைகளில் இந்தோனேசியரும் வங்கதேசத்தாரும் இருக்கிறார்கள். அவர்களை ஏஜெண்டு அழைத்துவருகிறார். அறையும் வேலையும் ஒரே கையிலிருந்து வருகின்றன. ஒன்று போனால் மற்றதும் போகும், விசாவும் போகும். நூறு ஆண்டுக்கு முன் முசிறியில் என் தாத்தா பேசிய பேச்சை இன்று அவர்கள் ஊரில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்.

அந்நியத் தொழிலாளர்கள் தொழிற்சங்கத்தில் சேர மலேசியச் சட்டம் இடம் தருகிறது.  சிலிம் ரிவர், பேராங், சுங்காய், பீடோர் பக்கம் இன்றும் சங்கப் பொறுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது ஒன்றே. அந்த வரிசைகளுக்குப் போய், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வீடு வீடாகப் பேசி அவர்களைச் சங்கத்தில் சேருங்கள்.