மூளைக்குள்ள ஒரு கொடுக்கல் வாங்கல்

போன வாரம் ஓபியில் ஒரு அண்ணன், பார்கின்சன் நோய் உள்ள அப்பாவைக் கூட்டிட்டு வந்திருந்தார். மாத்திரை எழுதி முடிச்சதும் போனை நீட்டினார்.

"சார், நரம்பை மறுபடி வளர வைக்கிற குரோத் ஃபேக்டர் ஊசின்னு வீடியோல சொல்றாங்க. நிலத்தை அடமானம் வச்சாவது போட்டுடலாமா?"

"வேண்டாம்ணே"ன்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டேன். பின்னாடி பெரிய வரிசை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுக்கதை இதுதான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம மூளையில் சேதி கடத்துற செல்கள் நியூரான்கள். அவற்றைச் சுற்றி இருப்பவை கிளியா. 1850களில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ வைத்த பெயரில் இருந்து வந்தது. கிரேக்க மொழியில் "பசை"ன்னு அர்த்தம். நியூரான்களை ஒட்டி வைக்கிறதுதான் இதன் வேலைன்னு ரொம்ப காலம் நினைத்தார்கள்.

இப்போ 1938, இத்தாலி. முசோலினி அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போடுது. டூரின் நகரத்து மருத்துவர் ரீட்டா லெவி மொன்டால்சினிக்குப் பல்கலைக்கழக வேலை போயிடுச்சு. அவர் சும்மா இருக்கல. படுக்கையறையையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். தையல் ஊசியைத் தீட்டிக் கருவியாக்கி, கோழி முட்டைக்குள் வளரும் கருவை ஆராய்ந்தார்.

கருவில் கால் முளைக்கும் இடத்தை வெட்டிவிட்டால், அங்கே போக வேண்டிய நியூரான்கள் குறைந்துவிடும். பிறக்காமலே போகிறதா? இல்லை. பிறந்த பிறகு செத்துப்போகின்றன என்பதைக் கவனித்தார். அப்போ, உயிரோடு இருக்க அவற்றுக்கு ஏதோ ஒன்று வெளியிலிருந்து வர வேண்டும், இல்லையா?

1947இல் அமெரிக்கா போனார். 1952இல் ரியோ டி ஜெனிரோவில், எலியின் புற்றுக்கட்டிக்குப் பக்கத்தில் நரம்புத் திசுவை வைத்தார். அதிலிருந்து சூரியக் கதிர் மாதிரி இழைகள் கிளம்பின! அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க ஸ்டான்லி கோஹன் சேர்ந்தார். அதுதான் என்ஜிஎஃப், நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986இல் இருவருக்கும் நோபல்.

1982இல் பன்றியின் மூளையிலிருந்து இன்னொரு காரணி கிடைத்தது: பிடிஎன்எஃப்.

1993இல்தான் "பசை" பேச ஆரம்பித்தது. ஆய்வகத்தில் வளர்த்த எலியின் கிளியா செல்கள் சுரந்த ஜிடிஎன்எஃப்பைக் கண்டுபிடித்தார்கள். அது காப்பாற்றியது டோபமைன் நியூரான்களை. பார்கின்சனில் சாவது அதே நியூரான்கள்தான்!

இது ஒருவழிப் பாதையும் இல்லை. மைக்ரோகிளியா என்பவை மூளையின் காவல்காரர்கள். நியூரான்கள் தரும் ஐஎல்-34 என்ற புரதம் இல்லாத எலிகளில், மூளையின் சில பகுதிகளில் இந்தச் செல்கள் குறைந்துவிட்டன (2012). மறுபக்கம், மைக்ரோகிளியா தரும் பிடிஎன்எஃப்பை நிறுத்தினால், எலிகள் புதிதாகக் கற்பதே குறைந்தது (2013). ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இல்லை.

அப்படின்னா ஜிடிஎன்எஃப்பை ஊசியா போட்டுடலாமே?

இங்கேதான் சிக்கல். கையில் ஏற்றினால் இந்தப் புரதம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. நடுவில் ஒரு தடுப்பு இருக்கு. அதனால 2003இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், 5 நோயாளிகளுக்கு மூளைக்குள்ளேயே குழாய் வைத்துச் செலுத்தினார்கள். முன்னேற்றம் தெரிந்தது. உலகமே நம்பிக்கையோடு பார்த்தது.

ஆனா அதில் ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து இல்லாத குழு கிடையாது. 2019இல் வெளியான ஆய்வின் முக்கியக் கட்டத்தில் 35 பேர். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு வெறும் திரவம். முக்கிய அளவுகோலில் இரு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை.

மூளையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் சரியான இடத்தில், சரியான நேரத்தில், துளித்துளியா நடக்குது. அதை வெளியிலிருந்து செய்ய நாம இன்னும் கத்துக்கலை. மரபணு வழியா ஜிடிஎன்எஃப் கொடுக்கும் முயற்சிகள் நடக்குது.

மண்டைக்குள் குழாய் வைத்தே நிரூபிக்க முடியாததை, கை நரம்பில் ஒரு ஊசி செய்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நிலத்தை அடமானம் வைக்காதீங்க.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க, திடீர்னு நிறுத்தாதீங்க. தினமும் நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் வைங்க.

அந்த அண்ணன் அடுத்த மாசம் மாத்திரை வாங்க வருவார். இந்த முறை உட்கார வைத்துச் சொல்லணும்.