படலைச் சாத்தாத கதை

போன வாரம் எங்க ஊர் காங்கேயம் போயிருந்தேன். அங்க கொறங்காட்டைச் சுத்தி கிளுவ வேலி இருக்கும், உள்ள போக ஒரு படல் இருக்கும். வேலி எவ்வளவு அடர்த்தியா இருந்தாலும் படலைச் சாத்த மறந்தா மாடு வெளிய போயிரும். இன்னிக்குச் சொல்லப் போற வரலாறும் அந்த மாதிரிதான். இதுல பெரும்பாலும் யாரும் வேலியை வெட்டல.

2004 மே மாசம் வேர்ட்பிரஸ் 1.2 பதிப்புல பிளக்கின் வசதி வந்துச்சு. கோடிங் தெரியாதவங்களும் யாரோ எழுதின மென்பொருளைச் சேர்த்து வெப்சைட்டுல கடை போடலாம், ஃபாரம் வைக்கலாம். ஆனா அந்த யாரோ செஞ்ச தப்பும் கூடவே உள்ள வந்துரும்.

2012 டிசம்பர்ல மாட்டினது டபிள்யூ3 டோட்டல் கேஷ். சைட்டை வேகமாக்க, டேட்டாபேஸ் தர்ற பதில்களை அது ஃபைலாகச் சேமிக்கும். சேமிச்ச ஃபோல்டரை வெளியாளும் பிரவுசர்ல திறக்க முடிஞ்சுது. பாஸ்வேர்ட் ஹாஷ் வரைக்கும் எடுக்கலாம்னு ஜேசன் டொனன்ஃபெல்ட் எழுதினார்.

அடுத்து டூப்ளிகேட்டர். சைட்டை நகலெடுத்து வேற சர்வருக்கு மாத்தற பிளக்கின். 2018-ல, மாத்தி முடிச்ச பிறகும் அங்கேயே கிடக்கற இன்ஸ்டாலர் ஃபைல் வழியா சைட்டையே பிடிக்கலாம்னு தெரிஞ்சுது. 2020 பிப்ரவரியில இன்னொண்ணு: ஃபைல் கேட்கறவர் லாகின் பண்ணியிருக்காரான்னு அது பார்க்கவே இல்ல. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கற ஃபைலையும் எடுத்துக் கொடுத்துச்சு. அப்போ 10 லட்சத்துக்கு மேல சைட்டுகள்ல அது இருந்துச்சு. 1.3.28 பதிப்புல சரி பண்ணிட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே தாக்குதல் ஆரம்பிச்சிருச்சு.

நம்ம நாட்டுல 2017 ஏப்ரல்ல நடந்தது பிளக்கின் கதை இல்ல, ஆனா அதே ஜாதி. ஜார்க்கண்ட் அரசோட சமூகப் பாதுகாப்புத் துறை சைட்டுல ஒரு புரோகிராம் பிழை. 10 லட்சத்துக்கும் அதிகமான முதியோர் பென்ஷன்காரங்களோட ஆதார் எண், முகவரி, பேங்க் விவரம் எல்லாம் வெளிய தெரிஞ்சுது. அவங்கள்ல எத்தனை பேர் அந்த சைட்டைப் பார்த்திருப்பாங்க?

இதையெல்லாம் படிச்ச பிறகுதான் எனக்கு உறுத்துச்சு. காங்கேயத்துல எண்ணெய் மில் வச்சிருக்கற எங்க மாமாவுக்கு காலேஜ் படிக்கறப்ப நான்தான் சைட் செஞ்சு கொடுத்தேன். உள்ள போய்ப் பார்த்தா, சர்வர் மாத்தறப்ப நான் எடுத்த முழு நகல் ஒரு ஜிப் ஃபைலா, யார் வேணா இறக்கிக்கற ஃபோல்டர்ல கிடக்குது. ஆர்டர் பண்ணவங்க பேர், போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் அதுல இருக்கு. தப்பு முழுக்க என்னோடது.

உடனே அழிச்சேன். "வாங்கினவங்ககிட்டச் சொல்லிடலாமுங்க மாமா"ன்னேன்.

"ஏங்கண்ணு, இதைச் சொன்னா நம்மகிட்ட மறுபடி எண்ணெய் வாங்குவாங்களா?"

அந்தக் கேள்வியிலதான் இந்த வரலாறு மொத்தமும் இருக்கு. ஓட்டையை அடைச்சிடறாங்க, பாதிக்கப்பட்டவங்ககிட்ட மட்டும் சொல்றதில்ல. தரவு வெளிய போனா சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கணும்னு 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லுது.

மாமா கொஞ்ச நேரம் யோசிச்சு, ஆர்டர் நோட்டை எடுத்துக் கொடுத்தார். ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணேன். பாதிப் பேர் "பரவால்லீங்க தம்பி"ன்னு வச்சிட்டாங்க. தாராபுரத்துல ஒரு அம்மா மட்டும், "நான் வீட்ல தனியா இருக்கறவ. யார் பார்த்தாங்கன்னு தெரியுமா தம்பி?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தெரியல. அதை அப்படியே அவங்ககிட்டச் சொன்னேன்.