தராசு கேட்ட கேள்வி

விறகு எரிந்தாற் சாம்பல் மிஞ்சுகிறது. அதுவோ விறகினும் மிக இலேசானது. கண்டதே மெய்யெனக் கொள்வோமாயின், பொருள் அழிகிறது என்றே நாம் முடிவு கட்டவேண்டும். அம்முடிவு தவறென நிலைநாட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

எரியும் பொருள்களிலிருந்து புளோஜிஸ்டன் என்னும் சாரம் வெளியேறுகிறது என்பது 18 ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் பலரின் கொள்கை. ஆனால் உலோகத்தைச் சுட்டால் நிறை கூடுகிறதே! சாரத்தை இழந்த பொருள் எங்ஙனம் பாரங்கூடும்? கொள்கையைக் கைவிட மனமில்லாத சிலர், அச்சாரத்துக்கு எதிர்மறை நிறை உண்டென்றனர். கொள்கைக்கேற்ப உண்மையை வளைப்போர் எக்காலத்தும் உளர்.

ஆங்கில நாட்டுப் போயில், மூடிய பாத்திரத்தில் உலோகத்தைச் சுட்ட சோதனைகளை 1673 இல் வெளியிட்டார். நிறுக்குமுன் அவர் பாத்திரத்தைத் திறந்துவிட்டார். உட்புகுந்த காற்றைக் கணக்கிலெடுக்கவில்லை. 1756 இல், ருசிய மீனவர் ஒருவரின் மகனான லொமொனோசொவ், பாத்திரத்தைத் திறவாமலே நிறுத்து, நிறை மாறவில்லையெனக் கண்டார். 1774 இல் பாரிசில் லவோசியரும் வெள்ளீயத்தைச் சுட்டு அவ்வாறே கண்டார். பின்னர் திறந்தபோது காற்று உட்பாய்ந்தது. உலோகம் பெற்ற நிறையும் புகுந்த காற்றின் நிறையும் ஏறத்தாழச் சமமாயிருந்தன. உலோகம் கவர்ந்த காற்றுப்பகுதியே பிற்காலத்தில் ஒட்சிசன் எனப்பட்டது.

தாக்கத்தின் முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே என 1789 இல் தம் நூலில் அவர் வரையறுத்தார். 12 கிராம் கரி முற்றாக எரிய 32 கிராம் ஒட்சிசன் வேண்டும். விளைவது 44 கிராம் காபனீரொட்சைட்டு. கண்ணுக்குப் புலப்படாத காற்றும் கணக்கில் இடம்பெற்றது. இரசாயனம் விஞ்ஞானமாயிற்று.

ஆயின் அதே லவோசியர், 1768 முதல் பிரெஞ்சு முடியரசின் வரிகளைக் குத்தகைக்கெடுத்த கூட்டத்தில் ஒரு பங்காளர். உப்புக்கும் புகையிலைக்கும் ஏழைமக்கள் செலுத்திய வரி அக்கூட்டத்தின் பெட்டியை நிரப்பியது. உழவன் இழந்த காசும் அழிந்துபோகவில்லை. அதில் ஒரு கூறு லவோசியரின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் கலமாகவும் நுண்தராசாகவும் நின்றது. அத்தராசில் அவர் எல்லாவற்றையும் நிறுத்தார், அக்காசை நிறுக்கவில்லை. 1794 மே 8 இல் அவரும் வேறு 27 வரிக்குத்தகையாளரும் சிரச்சேதம் செய்யப்பட்டனர். மக்களின் சினத்துக்கு நியாயம் இருந்தது. எனினும் அன்று விழுந்த தலையால் மனிதகுலம் அடைந்தது பேரிழப்பே.

திணிவுக் காப்பு விதியை நம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். அவ்விதி உண்மையிற் கற்பிப்பது ஒரு கேள்வியை: காணாமற் போனது எங்கே சென்றது? உழைப்பின் பயன் உழைத்தவன் கையில் இல்லையெனின், அது மாயமாய் மறைந்துவிடவில்லை. வகுப்பறையிற் கேட்கப் பழகிய கேள்வியை வாசலுக்கு வெளியேயும் கேட்கும் துணிவை நம் மாணவருக்கு ஊட்டுவோமாக.