ஏடு காப்போருக்கான மானியமும் மதிப்பும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் வரலாறு

சிதம்பரம் நடராசர் கோயிலில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துக் கல்வெட்டொன்று, அங்கே சரஸ்வதி பண்டாரம் ஒன்று இயங்கியதையும், அதில் ஏடுகளைப் படியெடுக்கவும் ஒப்புநோக்கவும் ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்ததையும் தெரிவிக்கிறது. சரஸ்வதி பண்டாரம் என்பது கோயிலையோ மடத்தையோ சார்ந்த சுவடிச் சாலை. கர்நாடகத்தின் நாகாவியில் உள்ள 1058ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் விரிவானது. அங்கிருந்த கல்விச்சாலையின் ஆசிரியர்களோடு ஆறு நூலகர்களையும் எண்ணிச் சொல்லி, அவர்களுக்கும் நிலம் ஒதுக்குகிறது. ஏடு செல்லரிக்கும், எழுத்து தேயும். குறித்த காலத்தில் மறுபடி எழுதப்படாத சுவடி அழிந்துபோகும் என்பதால், சுவடியைக் காப்பதென்பது அதைக் காக்கும் ஆளுக்குச் சோறிடுவதே என்பதை அக்கால அறக்கட்டளையாளர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். நிலக்கொடை, வரிநீக்கம் முதலிய அரசாணைகளும் கோயிற் சுவர்களிலேயே வெட்டப்பட்டமையால், நூலும் அரசு ஆவணமும் ஒரே மதிலுக்குள் காக்கப்பட்டன என்பதையும் இங்கே கருத வேண்டும்.

நூலையும் அரசு ஆவணத்தையும் பிரித்தது காகிதத்தால் ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியாகும். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லை வரையுள்ள ஊர்களும் அவர்களுக்கே என்பது உடன்பாடு. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அக்கோட்டை, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், 1752 வரை சென்னை மாகாண ஆட்சியின் தலைமையிடமாக இருந்தது. ஆட்சிக்குழுவின் ஒவ்வொரு கூட்டமும் ‘கன்சல்டேஷன்’ எனப்பட்ட நடவடிக்கைப் பதிவாக எழுதப்பட்டு, அதன் பிரதி லண்டனுக்கு அனுப்பப்பட்டது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையிடம் கோட்டை விழுந்தும் அதன் வரலாற்றை இன்று எழுத முடிகிறதென்றால், அதில் இந்தப் படியெடுக்கும் வழக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சிதம்பரத்துப் பண்டாரத்தில் ஏடு எழுதியவர்கள் செய்த வேலையும் இதுதான்.

1801இல் தென்னார்க்காடு கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபின், மாவட்டத்தின் வருவாய்க் கடிதங்கள், நிலவரித் திட்டக் கணக்குகள், மனுக்கள் எல்லாம் ஆட்சியர் அலுவலகத்துப் பதிவறையில், பேச்சுவழக்கில் ‘ரெக்கார்டு ரூம்’ எனப்படும் அறையில், கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. கார்ஸ்டின் 1878இல் வெளியிட்ட மாவட்டக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் வெளியிட்ட மாவட்ட விவரச்சுவடியும் அரசுப் பதிவுகளை அடித்தளமாகக் கொண்டவை. நூலின் முகப்பில் ஆட்சிப்பணி அதிகாரியின் பெயர் நின்றது. கட்டுகளைத் தேடி அவிழ்த்துக் கொடுத்த எழுத்தரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. மாகாணத்தின் பழைய ஆவணங்களுக்கு எழும்பூரில் 1909இல் தனிக் கட்டடம் அமைந்தது. இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகமாகிய அவ்வலுவலகமே பின்னர் புனித டேவிட் கோட்டைப் பதிவுகளை அச்சிட்டு வெளியிட்டது. ஆவணம் அச்சேறிற்று, ஆவணம் காத்தவர் மாதச் சம்பளத்தோடு நின்றார்.

நூலகருக்கென்று பொதுமதிப்பு உருவானதற்குக் காரணமானவர், சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். நூலகத்துறையின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக்கினார். 1957இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. ஆயினும் அவர் பெரிதாகக் கருதியது பட்டத்தையன்று, நிலையான வருவாயை. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது; அதன் உயிர்நாடி நூலக வரி. சொத்துவரியில் ரூபாய்க்கு ஆறு பை என்று தொடங்கி, பின்னாளில் பத்துக் காசாக உயர்ந்த இவ்வரியை உள்ளாட்சி மன்றங்கள் வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க, மாவட்டங்களுக்கு அரசும் ஈடாக மானியம் தரும் என்பது ஏற்பாடு. கடலூரில் தலைமையிடம் கொண்ட ஆணைக்குழுவும் அதன்கீழ் மாவட்டமெங்கும் பரவிய கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இந்த வழியில் வளர்ந்தவை. 1972இல் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை மாநில அரசு ஒதுக்கும் தொகைக்கு இணைத்தொகை சேர்த்து நூல் வாங்கவும் பிற வசதிகளுக்கும் உதவுகிறது. இப்பணமெல்லாம் நூலுக்கும் கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும் தாராளமாகப் போயிற்று. ஊர்ப்புற நூலகர்களோ தொகுப்பூதியத்தில்தான் பணியில் அமர்த்தப்பட்டனர். நாகாவிக் கல்வெட்டு இவ்வகையில் இன்னும் பெருந்தன்மையுடையது என்றே சொல்ல வேண்டும்.

பொது நூலகத் துறையில் சிறந்து பணியாற்றுவோருக்குத் தமிழக அரசு அரங்கநாதன் பெயரிலேயே நல்நூலகர் விருது வழங்கி வருகிறது. ஆனால் அரசுத் தகவல், அதாவது அரசிதழ், அரசாணை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதி, குழு அறிக்கை போன்றவற்றைத் திரட்டி, பகுத்து, கேட்போர் கையில் சேர்ப்பது தனித்திறன் வேண்டும் பணி. அமெரிக்காவில் அரசு வெளியீடுகளைத் தேர்ந்தெடுத்த நூலகங்களுக்கு அனுப்பும் வழக்கம் 1813இலேயே தொடங்கிவிட்டமையால், அத்துறை நூலகர்கள் தனிக் குழுவாக வளர்ந்து, ஜேம்ஸ் பென்னட் சைல்ட்ஸ் என்ற முன்னோடியின் பெயரில் வாழ்நாள் பணிக்கான விருதையும் ஏற்படுத்திக்கொண்டனர். இந்தியாவில் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டம் அரசு வெளியீடுகளையும் தன்னுள் அடக்கியது எனினும், தமிழகத்தில் அவை சேரும் இடம் சென்னைக் கன்னிமாரா நூலகம் ஒன்றே. மாவட்டத் தலைநகருக்கு அவ்வுரிமை இல்லை.

பழைய அரசு ஆவணம் எத்தகைய எடையுடையது என்பதற்குச் சிதம்பரம் கோயில் வழக்கே சான்று. நிர்வாக அதிகாரி நியமனம் பற்றிய அந்த வழக்கில், 1951இல் சென்னை உயர் நீதிமன்றம், கோயிலை வழிவழியாக நிர்வகித்துவரும் தீட்சிதர்களுக்குச் சார்பாக அளித்த தீர்ப்பு இன்னும் கட்டுப்படுத்தும் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிற்று; அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட காகிதம் கோயிலின் நிர்வாகத்தையே மாற்றிற்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2011 தானே புயலுக்குப் பின்னும், கடலூர்க் கரையோர மக்களின் அன்றாட வாழ்வே நிவாரண அரசாணைகளின் வாசகத்தைச் சார்ந்திருந்தது. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தன் ஆவணங்களை அட்டவணைப்படுத்த வேண்டும் என்றும், பொதுமக்களுக்கான நூலகமோ படிப்பறையோ இருப்பின் அது திறந்திருக்கும் நேரத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்றும் விதிக்கிறது. அந்த அட்டவணையைத் தயாரிக்கப் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று அப்பிரிவு எங்கும் கூறவில்லை.