முடிச்சிட்ட புல்

சென்ற ஆண்டு இளங்கலைத் தமிழ் வகுப்பில் மலைபடுகடாம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்துப்பாட்டில் உள்ள ஐந்து ஆற்றுப்படைகளுள் அதுவும் ஒன்று. 583 அடிகளில் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியைச் சொல்வதே அதன் பெரும்பகுதி. பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, விடிந்தபின் செல்லுங்கள். யானையை விரட்டக் கவண்கல் பறந்து வரும், மரத்தின் பின்னே மறைந்துகொள்ளுங்கள். வழி தவறினால் உங்கள் இசைக்கருவிகளை இயக்குங்கள், கானவர் ஓடி வந்து உதவுவர். இப்படிச் சொல்லிக்கொண்டே போகும் அவன் ஓரிடத்தில் மற்றொன்றும் சொல்கிறான். பாதை பிரியும் இடத்தில் நீங்கள் செல்லும் வழியைத் துடைத்து, பின்னால் வருபவர் அறியும்படி புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான்.

இதை விளக்கியபோது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். எங்கள் கல்லூரி நீலகிரியில் இருக்கிறது. வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் படகர் ஹட்டிகளிலிருந்தும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் வருபவர்கள். "பேருந்து இல்லையென்றால் உங்கள் ஊருக்கு நடந்து போகும் வழி எத்தனை பேருக்குத் தெரியும்?" நாற்பது பேரில் மூன்று கைகள் உயர்ந்தன. நான்காவதாக ஒரு மாணவி எழுந்து, "எங்கள் பாட்டிக்குத் தெரியும் ஐயா" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்கு அந்தப் பதில் பல நாட்கள் மனத்தை விட்டு அகலவில்லை.

நீலகிரியின் வரலாற்றை 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறியதிலிருந்து தொடங்குவது வழக்கம். அவருக்கு முன் 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரு உதவியாளர்களும், 1812இல் கீஸ் என்னும் நில அளவையாளரும் ஏறியிருந்தார்கள். 1603இலேயே கோழிக்கோட்டுப் பக்கமிருந்து ஃபெனிசியோ என்ற சேசு சபைப் பாதிரியார் வந்து தோடர்களையும் படகர்களையும் கண்டு சென்றார். இவர்கள் எல்லாரும் புதிதாக வழி கண்டவர்கள் அல்லர். மலையில் ஏற்கெனவே இருந்த தடங்களில், அத்தடங்களை அறிந்தவர்கள் முன்னே செல்லப் பின்னே நடந்தவர்கள்.

அத்தடங்கள் வேறு தேவைகளால் உண்டானவை. கோத்தரின் இரும்புக் கருவிகளும் மட்பாண்டங்களும் இசையும் தோடர் மந்துகளுக்கும் படகர் ஹட்டிகளுக்கும் நடந்தே சென்றன. படகரின் தானியமும், தோடரின் நெய்யும், குறும்பர் எடுத்த தேனும் எதிர்த்திசையில் நடந்தன. கோடையில் தோடர்கள் தம் எருமைகளை மேற்கே குந்தாப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் சென்றார்கள். அம்மலையில் பாதை என்பது உறவின் மறுபெயராக இருந்தது எனலாம்.

ஆங்கிலேயர் வந்தபின் பாதைகள் வெட்டப்பட்டன. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் பாதை மக்ஃபர்சன் என்னும் படை அதிகாரியின் மேற்பார்வையில் 1823இல் முடிந்தது. ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830களின் தொடக்கத்தில் குன்னூர் மலைப்பாதை அமைந்தது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908இல் உதகைக்கும் ரயில் வந்தது. இவ்வரலாற்றில் யார் நடந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1834இல் மெக்காலே சென்னையிலிருந்து உதகைக்கு ஏறக்குறைய 400 மைல் பல்லக்கில் வந்தார். சுமக்கப்பட்டவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. நடந்தவர்களின் பெயர் ஒன்றும் தெரியவில்லை. மலைநடை ஒரு பொழுதுபோக்காக ஆவதற்கு முன் அது பிறருடைய உழைப்பாக இருந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

வெட்டிய பாதையும் கால் படாவிட்டால் நிலைக்காது. உதகையிலிருந்து அவலாஞ்சி வழியாக மேற்கே சென்று, சிஸ்பாராக் கணவாயில் மலபாருக்கு இறங்கிய குதிரைப்பாதை அதற்குச் சான்று. 1830களில் பெரும் முயற்சியோடு அமைக்கப்பட்ட வழி அது. கூடலூர் வழியாக வண்டிச்சாலை வந்தபின் அதில் செல்வோர் குறைந்தனர், பிறகு கைவிட்டனர். இன்று அப்பகுதி, 1990இல் அறிவிக்கப்பட்ட முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. வரையாட்டுக்கு அது நல்லது. ஒரு நாட்டின் அஞ்சல் சென்ற வழி, ஒரு நூற்றாண்டுக்குள் புல்லுக்கு அடியில் போய்விடக்கூடும் என்பதையும் அது சொல்கிறது.

சட்டமும் இதையே வேறு மொழியில் கூறுகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் இடையறாது, தடையின்றி, உரிமையாக நடந்து வந்தால் வழிநடைப் பாத்தியம் உண்டாகும். அதே சட்டத்தின்படி 20 ஆண்டுகள் தொடர்ந்து நடவாதிருந்தால் அப்பாத்தியம் அழிந்துவிடும். அதே 1882இல்தான் சென்னை மாகாண வனச் சட்டமும் வந்தது. காட்டைக் காப்புக்காடாக அறிவிக்குமுன் உரிமை கோருவோர் முன்வந்து சொல்ல வேண்டும்; சொல்லாதவர் உரிமை அறிவிப்போடு முடிந்துபோகும். எழுதத் தெரியாத, நடக்க மட்டுமே தெரிந்த மக்களின் தடங்கள் எத்தனை இவ்வாறு முடிந்தனவோ!

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். உதகையில் கூட்டம் குறைந்துவிட்டதா என்ன? உண்மையில் நிலைமை நேர்மாறானது. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மின்னனுமதிச் சீட்டு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. வருவோர் பெருகினர், நடப்போர் குறைந்தனர். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் உயரம். அங்கும் வண்டியிலேயே போய் இறங்கிவிடலாம். மலைக்கு வருவதும் மலையில் இருப்பதும் ஒன்றல்ல.

மற்ற நாடுகளிலும் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். பெர்கம்ஸ், சராடிக் என்னும் இரு ஆய்வாளர்கள் 2008இல் அமெரிக்க, ஜப்பானியத் தேசியப் பூங்காக்களின் வருகைக் கணக்கு முதலியவற்றை ஆராய்ந்தார்கள். 1980களிலிருந்து இயற்கையை நாடிச் செல்வது தலைக்கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.3 விழுக்காடு குறைந்துவந்தது என்றார்கள். பின்னாளில், குறிப்பாகப் பெருந்தொற்றுக்குப் பின், அமெரிக்காவில் பூங்காக் கூட்டம் மீண்டும் பெருகியது. ஆனால் கூட்டத்தைக் கொண்டு நடையை அளக்க முடியாது என்பதை உதகை நமக்கு முன்பே காட்டிவிட்டது.

குறைந்ததற்குக் காரணங்கள் பல, எல்லாம் பழிக்கத்தக்கவையும் அல்ல. பேருந்து வந்தது, பள்ளி வேன் வந்தது, இருசக்கர வண்டி வந்தது. மூன்று மைல் ஏறி இறங்கிப் பள்ளிக்குச் சென்ற தாய், தன் மகள் அப்படிச் செல்ல வேண்டாம் என்று எண்ணுவதில் என்ன தவறு? திசை தெரியும்படி திறந்து கிடந்த புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. குன்னூர், கோத்தகிரித் தேயிலைச் சரிவுகளில் காட்டெருமைகள் பகலிலேயே நிற்கின்றன. ஆள் நடக்காத தடத்தை உண்ணிச்செடி மூடுகிறது. மூடியதால் விலங்கு பதுங்குகிறது. விலங்குக்கு அஞ்சி மேலும் ஆள் நடப்பதில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் மாண்டார்கள். அதன்பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களைத் திறந்தது. நீலகிரியில் லாங்வுட் சோலை, கெய்ர்ன்ஹில், கரிக்கையூர்ப் பாறை ஓவியங்கள் முதலிய இடங்கள் அவற்றுள் அடங்கும். முன்பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டி எனத் திட்டமிட்ட ஏற்பாடு. பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பட்டியலில் உள்ளது நாற்பது தடம் மட்டுமே. பட்டியலில் இடம்பெறாத வழிகள் எத்தனையோ. அவற்றில் நடப்பவன் அத்துமீறுபவன். பட்டியலில் உள்ளதில் நடப்பவன் வாடிக்கையாளன். வழிப்போக்கன் என்ற பழைய சொல்லுக்கு இவ்விரண்டுக்கும் நடுவே இடமில்லை.

தனிமையை விரும்பும் நடையர் சிலர், ஆள் குறைந்தால் நல்லதுதானே என்று என்னிடம் சொன்னதுண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். இப்போது அது பிழை என்று தோன்றுகிறது. நடப்பவர் குறையும்போது முதலில் போவது வழிகேட்க ஆள். அடுத்துப் போவது, பாதையில் ஒரு வேலி எழும்போது "இது வழி" என்று சொல்லும் வாய். மூன்றாவதாகப் போவது சாட்சி. நீலகிரி வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் 1970களில் மலை மலையாக அலைந்து வரையாட்டைக் கணக்கெடுத்தார். இன்று தமிழகம் அக்டோபர் 7ஐ அவர் நினைவாக வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. சோலை வற்றுவதையும், ஓடை திசைமாறுவதையும், ஒரு சரிவு ஓசையின்றி வெட்டப்படுவதையும் முதலில் காண்பவன் நடப்பவன். வண்டியில் செல்பவன் காட்சிமுனையை மட்டுமே காண்கிறான்.

நடை முற்றிலும் அற்றுப்போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஹெத்தைப் பண்டிகையின்போது வெள்ளுடை உடுத்த ஹெத்தைக்காரர்கள் ஊர் ஊராக நடந்து செல்கிறார்கள். வழிபாடாக நடந்த பாதைகள் பொழுதுபோக்காக நடந்தவற்றைவிட நெடுங்காலம் வாழ்கின்றன. காரணம் எளியது. அங்கே பேத்தி பாட்டியோடு நடக்கிறாள்.

தேர்வு முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மாணவியின் பாட்டியை முன்னே விட்டு, அவர்கள் ஊர்த் தடத்தில் ஒன்பது பேர் நடந்தோம். காப்புக்காட்டைத் தொடாத, தேயிலைக்கு நடுவே செல்லும் வழி. எழுபதைக் கடந்த அம்மையார் எங்களுக்காகப் பலமுறை நின்றார். இரண்டிடங்களில் உண்ணிச்செடியை அரிவாளால் கழித்தார். ஓரிடத்தில் பாதை பிரிந்தது. இடப்பக்கம் பழைய நீரூற்றுக்குப் போகும் வழி, இப்போது யாரும் போவதில்லை என்றார்.

மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் குனிந்து, வலப்பக்கத்து வழியோரம் நீண்டிருந்த புல்லைச் சேர்த்து முடிச்சிட்டாள். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "அது ஏன்?" என்று கேட்டார். பின்னால் வருபவர்களுக்கு என்றாள். "வருவார்களா?" என்றார் அம்மையார்.

அக்கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில் நான் இல்லை. அடுத்த மாதம் அவ்வழியே மீண்டும் நடக்க வேண்டும் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.